தசையைக் காக்கும் மூலிகை: ஒரு தேடலின் வரலாறு

மருந்து வேறு, நஞ்சு வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். மருத்துவ வரலாறோ அவ்வாறு பிரித்துப் பேசுவதில்லை. அளவு மாறினாலும், உண்ணும் ஆள் மாறினாலும், உடன் உண்ணும் பொருள் மாறினாலும், நோயைத் தீர்க்க வந்த மருந்தே உடம்பின் ஒரு பகுதியை வருத்தத் தொடங்கும். அவ்வாறு வருந்தும் உறுப்புகளுள் தசையும் ஒன்று.

நம் வயதினர் நால்வர் கூடினால் பேச்சு மாத்திரையில் வந்து நிற்கிறது. இரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும் 'ஸ்டாட்டின்' மாத்திரையை உண்போர் நம்மிடையே மிகப் பலர். அதைப் பற்றிய அச்சமும் அவ்வளவு பரவியிருக்கிறது. "அந்த மாத்திரை தசையைத் தின்றுவிடும், கைகால் உளைச்சல் தீராது, அதை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறுங்கள்" என்று சொல்வோர் உளர். "மாத்திரையையும் உண்ணுங்கள், தசையைக் காக்க ஒரு மூலிகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வோரும் உளர். இவ்விரு அறிவுரைகளும் எந்த அளவுக்கு உண்மை? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், இம்மாத்திரை எங்கிருந்து வந்தது என்னும் வரலாற்றை அறிதல் வேண்டும். அவ்வரலாறு நாம் எதிர்பாராத ஓரிடத்தில், ஒரு சோற்றுப் பானையில், தொடங்குகிறது.

தசை கரைதல் என்பது யாது?

1940, 1941-ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகர்மீது செருமானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. இடிந்த வீடுகளுக்கடியில் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தவர்களுள் சிலர் உயிரோடு மீட்கப்பட்டனர். பிழைத்துவிட்டார்கள் என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால், சில நாட்களில் அவர்களுடைய சிறுநீர் கறுத்துக் குறைந்தது. சிறுநீரகம் செயலிழந்து பலர் இறந்தனர். பைவாட்டர்ஸ், பீல் என்னும் இரு மருத்துவர்கள் 1941-இல் இந்நோயை விளக்கி எழுதினர். நசுங்கிய தசையிலுள்ள செந்நிறப் புரதமாகிய மையோகுளோபின் குருதியில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது தெளிவாயிற்று.

தசை இவ்வாறு கரைவதற்கு மேலே சுவர் விழ வேண்டும் என்பதில்லை. சில மருந்துகளும் உள்ளிருந்தே அதைச் செய்யவல்லவை. மருந்தினால் தசைக்கு வரும் கேடு ஒரே தன்மையதன்று. அதை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம். முதற்படி வலியும் உளைச்சலும் மட்டுமே. குருதிச் சோதனையில் எதுவும் தெரியாது. இரண்டாம் படியில் தசையணுக்கள் சிதைகின்றன. அவற்றினுள் இருக்கும் 'கிரியேட்டின் கைனேஸ்' என்னும் நொதி குருதியில் மிகுந்து காணப்படும். மூன்றாம் படி இலண்டன் மருத்துவர்கள் கண்ட அதே தசைக் கரைவு. முதற்படி பலர் சொல்வது. மூன்றாம் படி மிக மிக அரிது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும்.

சீனர் பானையில் பிறந்த செந்நிறம்

சோற்றில் ஒருவகைப் பூசணத்தை வளர்த்து, அதை அடர்ந்த செந்நிறமாக்கும் கலையைச் சீனர் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர். ஹொக்கியன் மொழியில் அதனை 'ஆங்காக்' என்பர். மது வடிக்கவும், இறைச்சிக்கு நிறமூட்டவும், மீனும் இறைச்சியும் கெடாமல் காக்கவும் அது பயன்பட்டது. 1596-இல் அச்சான லீ ஷிசென் என்னும் மருத்துவரின் பெரும் மூலிகை நூலில் அஃது ஒரு மருந்தாகவே இடம்பெற்றுள்ளது. செரிமானத்திற்கும் குருதியோட்டத்திற்கும் நல்லது என்று அந்நூல் கூறுகிறது. சோங் யிங்சிங் என்பார் 1637-இல் வெளியிட்ட தொழில்நுட்ப நூலில் அதைச் செய்யும் முறை விளக்கப்பட்டிருக்கிறது.

இப்பொருள் நமக்கு அயலானதன்று. பூச்சௌ சீனர் 1901-இல் சரவாக்கின் சிபு நகரிலும், 1903-இல் பேராக் மாநிலத்தின் சித்தியவானிலும் குடியேறினர். அவ்வூர்களில் செந்நிற அரிசி மதுவில் சமைத்த கோழியும் மீ சுவாவும் இன்றும் பெயர்பெற்ற உணவு. அந்தச் செந்நிறம் ஆங்காக்கின் நிறமே. ஜாவாத் தீவில் பணியாற்றிய வெண்ட் என்னும் டச்சுத் தாவரவியலார் 1895-இல் அப்பூசணத்தை ஆராய்ந்து, 'மொனாஸ்கஸ் பர்ப்யூரியஸ்' என்று பெயரிட்டார். ஆக, மேலைநாட்டு அறிவியல் இதனை அறிந்துகொண்டதும் நம் அண்டைத் தீவிலிருந்துதான்.

ஆறாயிரம் பூசணங்கள்

ஜப்பானின் அகித்தா மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் 1933-இல் பிறந்தவர் அகிரா எண்டோ. பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கின் வரலாறு இளமையிலேயே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. மருந்து நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்த அவர், அமெரிக்காவில் ஈராண்டு தங்கியிருந்தபோது மாரடைப்பால் மாள்வோர் தொகையைக் கண்டு வியந்தார். நம் உடம்பிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. கல்லீரல் முதலிய உறுப்புகளே அதைச் செய்கின்றன. அவ்வேலையில் ஒரு நொதி தலைமை வகிக்கிறது. அந்நொதியைத் தடுத்தால் கொழுப்புக் குறையும். தடுப்பது எப்படி?

எண்டோவின் எண்ணம் எளியது. பூசணங்கள் தம்மைத் தாக்கும் நுண்ணுயிர்களை எதிர்க்கப் பலவகைப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்று இந்நொதியைத் தடுப்பதாக இருக்கக்கூடாதா? 1971-இல் தொடங்கி ஏறத்தாழ ஆறாயிரம் பூசண வகைகளை அவரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொன்றாகச் சோதித்தனர். 1973-இல் விடை கிடைத்தது. கியோத்தோ நகரத்து அரிசிக் கடை ஒன்றிலிருந்து வந்த நீலப் பூசணத்தில் அவர் தேடிய பொருள் இருந்தது. 'காம்பாக்டின்' என்று அதற்குப் பெயரிட்டனர். ஸ்டாட்டின் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுவே.

1978-இல் ஒசாகாவைச் சேர்ந்த யாமமோட்டோ என்னும் மருத்துவர், பரம்பரைக் கொழுப்பு நோயால் துன்புற்ற 18 வயதுப் பெண் ஒருவருக்கு இம்மருந்தை அளித்தார். கொழுப்புக் குறைந்தது. ஆனால் சில வாரங்களில் அப்பெண்ணின் தசைகள் தளர்ந்தன. மருந்தை நிறுத்தியதும் தசை தேறியது. அளவைக் குறைத்து மீண்டும் கொடுத்தார். கொழுப்பும் குறைந்தது, தசையும் தாங்கியது. நம் கட்டுரைக்கு இந்நிகழ்ச்சி மிக முக்கியமானது. ஸ்டாட்டின் உண்ட முதல் நோயாளியிடமே தசைக்கேடு தோன்றிவிட்டது. அதற்குரிய மாற்றும் அங்கேயே தோன்றிவிட்டது. அம்மாற்று மூலிகையன்று, அளவு.

ஒரே பொருளுக்கு இரு பெயர்

எண்டோ பல்கலைக்கழகப் பணிக்கு மாறிய பிறகு, 1979-இல் மொனாஸ்கஸ் பூசணத்திலிருந்து மற்றொரு பொருளைப் பிரித்தெடுத்து 'மொனாக்கோலின் கே' என்று பெயரிட்டார். அதற்குச் சற்று முன்னரே, 1978-இன் இறுதியில், அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தார் வேறொரு பூசணத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்திருந்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது அவை ஒன்றே என்பது தெரிந்தது. அமெரிக்கர் கண்ட பொருள் 'லோவாஸ்டாட்டின்' என்னும் பெயருடன் 1987-இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. கடைகளுக்கு வந்த முதல் ஸ்டாட்டின் அதுவே.

மாத்திரைக்கு எதிராக நிறுத்தப்படும் மூலிகை ஆங்காக். மாத்திரையில் இருப்பது லோவாஸ்டாட்டின். ஆங்காக்கில் இருப்பது மொனாக்கோலின் கே. இரண்டும் அணுவுக்கு அணு ஒன்றே. "மாத்திரை வேண்டாம், மூலிகை போதும்" என்று ஆங்காக் குளிகையை வாங்குபவர், பெயர் மாறிய அதே மருந்தையே வாங்குகிறார். வேறுபாடு ஒன்று உண்டு: மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும்; குளிகையில் எத்தனை என்பது பெரும்பாலும் வாங்குபவருக்குத் தெரியாது.

இவ்வழக்கு அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றது. ஆங்காக் குளிகை ஒன்றை உணவு என்று விற்பதா, மருந்து என்று விற்பதா என்னும் வழக்கு 1998 முதல் 2001 வரை நடந்து, இறுதியில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் பக்கமே தீர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் விதித்த சட்டப்படி, நாளொன்றுக்குரிய பங்கில் மொனாக்கோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும்.

அச்சத்தின் பிறப்பு

ஸ்டாட்டின்கள் உயிர் காப்பவை என்பதில் இன்று ஐயமில்லை. 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆராய்ச்சியில் இதய நோயுள்ள 4,444 பேர் கலந்துகொண்டனர். ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்த அவ்வாராய்ச்சியில், வெற்று மாத்திரை உண்டவர்களுள் 256 பேர் இறந்தனர். சிம்வாஸ்டாட்டின் உண்டவர்களுள் 182 பேர் இறந்தனர். இவ்வேறுபாடு சிறியதன்று.

ஆயினும் 2001-இல் ஒரு பேரிடி விழுந்தது. 'செரிவாஸ்டாட்டின்' என்னும் புதிய மருந்தை அதன் உற்பத்தியாளரான பேயர் நிறுவனம் ஆகஸ்டு மாதத்தில் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. தசைக் கரைவால் நேர்ந்த 52 மரணங்கள் அம்மருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டன. அவர்களுள் பலர் மிகுந்த அளவில் உண்டவர்கள், அல்லது 'ஜெம்பிப்ரோசில்' என்னும் மற்றொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து உண்டவர்கள். உடன் உண்ட மருந்து, செரிவாஸ்டாட்டின் உடம்பைவிட்டு நீங்கும் வழியை அடைத்துவிட்டது. உண்டது ஓர் அளவு. உடம்பில் தங்கியது பல மடங்கு.

ஒரு மருந்தின் குற்றம் அதன் குடும்பத்தின்மீதே விழுந்தது. தசையைக் காக்கும் மூலிகை எது என்னும் தேடலும் அதன்பின் வேகம் பெற்றது.

தேடலில் கிடைத்தவை

முதலில் ஆங்காக்கையே நோக்குவோம். 2009-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. தசைவலியால் ஸ்டாட்டினை நிறுத்திய 62 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு ஆங்காக்கும் மறுகூறுக்கு வெற்றுக் குளிகையும் 24 வாரம் கொடுத்தனர். ஆங்காக் உண்டோருக்குக் கொழுப்புக் குறைந்தது, வலி மிகவில்லை. இதைக் கண்டு பலர் மகிழ்ந்தனர். ஆனால் இதன் பொருளை அளந்து பார்க்க வேண்டும். அவர்கள் உண்ட ஆங்காக்கிலும் ஸ்டாட்டின் இருந்தது. குறைந்த அளவில் இருந்தது. 1978-இல் ஒசாகா மருத்துவர் கண்டதற்கு இது பெரிதும் ஒத்ததே. மூலிகை தசையைக் காத்தது என்பதற்கு இது சான்றாகாது. பங்கேற்றோர் தொகையும் சிறிது.

மறுபுறச் சான்றும் உண்டு. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர், அதற்குரிய மருந்தோடு ஆங்காக்கையும் உண்டு தசைக் கரைவுக்கு ஆளானதை 2002-இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். இத்துடன் பூசணத்துக்கே உரிய ஆபத்து வேறு இருக்கிறது. மொனாஸ்கஸின் சில வகைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் 'சிட்ரினின்' என்னும் நஞ்சையும் சுரக்கின்றன என்பது 1995-இல் நிறுவப்பட்டது. 2024-இல் ஜப்பானில் ஆங்காக் குளிகை உண்ட பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. அக்குளிகைகள் திரும்பப் பெறப்பட்டன. வேறொரு நீலப் பூசணம் உற்பத்தியின்போது கலந்து 'பியூபெருலிக் அமிலம்' என்னும் நஞ்சைச் சுரந்ததே காரணம் என்று அரசு ஆராய்ச்சியில் தெரிந்தது. பானையில் நல்ல பூசணம் வளரும்போது தீய பூசணமும் உடன் வளரக்கூடும் என்பதற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

அடுத்து அதிமதுரம். சீன மருத்துவர் சாங் சோங்ஜிங் ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுத்த நூலில், கால் தசை இழுத்துக்கொள்வதற்கு ஒரு கஷாயம் சொல்லப்பட்டிருக்கிறது. பியோனி வேரும் அதிமதுரமும் சேர்ந்த இரு சரக்குக் கஷாயம் அது. ஜப்பானில் இன்றும் அது மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தாக இருக்கிறது. 'பாக்ளிடாக்செல்' என்னும் புற்றுநோய் மருந்தால் வரும் தசைவலிக்கும் அதை அங்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தால் நேர்ந்த தசைத் துன்பத்திற்கு மூலிகை என்னும் எண்ணத்துக்கு இதைவிடப் பழைமையான மரபு காண்பது அரிது. அந்தப் புற்றுநோய் மருந்தும் ஒரு மரப்பட்டையிலிருந்து, பசிபிக் யூ மரத்திலிருந்து, முதலில் எடுக்கப்பட்டதே என்பதையும் இங்கே குறிக்கலாம்.

ஆயினும் அதிமதுரத்துக்கு மற்றொரு முகமுண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்னும் மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்து வந்தார். புண் ஆறியது, ஆனால் நோயாளர் சிலருக்கு முகமும் கால்களும் வீங்கின. 1946-இல் அவர் இதை எழுதினார். அதிமதுரத்தின் இனிப்புப் பொருளாகிய 'கிளிசிரைசின்' சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றிவிடுகிறது என்பது பின்னர் விளங்கியது. பொட்டாசியம் குறைந்தால் முதலில் தளர்வது எது? தசையே. நெடுநாள் அதிமதுரம் உண்டு தசை தளர்ந்தோரும், தசைக் கரைவுக்கே ஆளானோரும் மருத்துவ ஏடுகளில் பலமுறை பதிவாகியுள்ளனர். தசைக்கு நல்லதென்று நீர்நீக்கி மாத்திரையோடு அதிமதுரக் கஷாயத்தையும் குடிப்பவர், இரு வழியாலும் பொட்டாசியத்தை இழக்கிறார். இருமலுக்கு ஒரு துண்டு மெல்லுவதைப் பற்றி இங்கே சொல்லவில்லை. நாள்தோறும், திங்கள் கணக்கில் உண்பதைப் பற்றியே பேசுகிறோம்.

அமுக்கராவையும் நம்மவர் பெரிதும் நம்புகின்றனர். 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் உடற்பயிற்சி செய்யும் 57 இளைஞர் கலந்துகொண்டனர். அமுக்கரா உண்டோருக்குத் தசை வலிமை கூடுதலாகப் பெருகியது. ஆனால் அவர்கள் நலமுள்ள இளைஞர். மருந்துண்ணும் முதியோர் அல்லர். நலமுள்ள தசையை வளர்ப்பது வேறு, மருந்தால் வருந்தும் தசையைக் காப்பது வேறு. முன்னதற்குச் சான்று காட்டிப் பின்னதை விற்பது முறையன்று. அமுக்கரா உண்ட சிலருக்குக் கல்லீரல் கெட்ட செய்தியும் ஏடுகளில் வந்துள்ளது.

நம் மலரும், நம் தோட்டத்துச் செடியும்

'மூலிகையானால் தீங்கில்லை' என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. இதற்கு விடையாக இரு செடிகளைக் காட்டலாம்.

ஒன்று செங்காந்தள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் வரிசை காந்தளில்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. அதன் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்பர். மூலனூர், வேதாரணியம் முதலிய பகுதிகளில் விதைக்காக அதனைப் பயிரிடுகின்றனர். அவ்விதையில் 'கோல்சிசின்' இருக்கிறது. ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து 1820-இல் பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள், கீல்வாதங்களுள் ஒன்றாகிய கவுட் நோய்க்கு இன்றும் சிறந்த மருந்து. அதே கோல்சிசின் சிறுநீரகம் தளர்ந்தவர்களின் தசையையும் நரம்பையும் கெடுக்கும் என்று 1987-இல் அமெரிக்க மருத்துவர்கள் விளக்கிக் காட்டினர். ஸ்டாட்டினோடு சேரும்போது இவ்வாபத்து மிகும்.

மற்றொன்று இபிகாக். பிரேசில் நாட்டுச் செடியாகிய இது மலாயாவில் பயிராகி, ஜோகூர் இபிகாக் என்னும் பெயரால் மருந்துச் சந்தையில் அறியப்பட்டது. 1817-இல் இதன் வேரிலிருந்து 'எமெட்டின்' பிரிக்கப்பட்டது. 1912-இல் கல்கத்தாவில் லியோனர்டு ரோஜர்ஸ் இதனை ஊசிமூலம் செலுத்தி, சீதபேதியால் மடிந்துகொண்டிருந்த பலரைக் காத்தார். ஆனால் எமெட்டின் மிகுந்தால் கைகால் தசையும் இதயத் தசையும் தளரும். எனவே மருத்துவர்கள் அதைச் சில நாட்களுக்குமேல் தொடர்ந்து கொடுக்க அஞ்சினர். தீங்கு குறைந்த மருந்துகள் வந்தபின் எமெட்டின் ஒதுங்கிவிட்டது.

இவ்விரு செடிகளும் நமக்குக் கற்பிப்பது இது: தசையைக் கெடுக்கும் மருந்துகளுள் பல மூலிகையிலிருந்தே பிறந்தவை. செடி என்பதாலோ மாத்திரை என்பதாலோ நன்மை தீமை வருவதில்லை.

மூலிகைப் பெயரால் வரும் மற்றோர் ஆபத்தையும் மறைக்கலாகாது. உடல்வலிக்கென்று விற்கும் சில ஜாமு, மாஜுன் பொருள்களில் 'டெக்சாமெத்தசோன்' என்னும் ஸ்டெராய்டு மருந்து கள்ளத்தனமாகக் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளனர். உண்டவுடன் வலி பறந்துவிடும். உண்பவரும் மூலிகையைப் புகழ்வார். ஆனால் நெடுநாள் உண்டால் தோள், தொடைத் தசைகளைத் தேய்ப்பதில் ஸ்டெராய்டுக்கு ஈடு சொல்வது கடினம். தசையைக் காக்க வாங்கிய பொருளே தசையைத் தேய்க்கும் கொடுமை இது.

பழத்தினாலும் தீங்கு நேரலாமோ என்று சிலர் வியப்பர். 1989-இல் கனடா நாட்டு டேவிட் பெய்லி என்பவர், கிரேப்புரூட் பழச்சாறு சில மருந்துகளின் அளவைக் குருதியில் பன்மடங்கு உயர்த்துவதைத் தற்செயலாகக் கண்டார். சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் ஆகியவை அவ்வகை மருந்துகளே. அப்பழத்தின் உறவாகிய பொமேலோவிலும் அதே வகைப் பொருள்கள் உள்ளன. ஈப்போ தம்புன் பொமேலோவை விரும்பாதார் யார்? அம்மாத்திரைகளை உண்போர் அப்பழத்தைப் பற்றி மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நலம்.

அறிவியல் இன்று சொல்வது

ஸ்டாட்டின் தடுக்கும் அதே பாதையில்தான் உடம்பு 'கோஎன்சைம் கியூ10' என்னும் பொருளையும் செய்கிறது. 1957-இல் பிரெடரிக் கிரேன் மாட்டிதயத்திலிருந்து பிரித்தெடுத்த அப்பொருள், தசை ஆற்றல் பெறுவதற்கு இன்றியமையாதது. அது குறைவதால் தசை வருந்துகிறது. ஆகவே அதை உண்டால் தசை தேறும் என்பது அழகான கருத்து. ஆனால் ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட முடிவுகளையே தந்துள்ளன. வைட்டமின் டி பற்றி 2022-இல் வெளியான ஆராய்ச்சி தெளிவாகவே விடை சொன்னது. ஸ்டாட்டின் தொடங்கிய ஈராயிரத்துக்கு மேற்பட்டோரில், வைட்டமின் உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் தசைவலி ஒரே அளவில், நூற்றுக்கு 31 பேருக்கு, இருந்தது.

2020-இல் வெளியான இலண்டன் ஆராய்ச்சி மேலும் சிந்திக்க வைப்பது. மாத்திரையால் துன்புற்று அதை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டினும், சில மாதம் வெற்று மாத்திரையும், சில மாதம் ஒன்றுமில்லாமலும் வைத்துப் பார்த்தனர். எம்மாதம் எம்மாத்திரை என்பது உண்பவர்க்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதத்தில் கண்ட துன்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்று மாத்திரை மாதத்திலும் இருந்தது. வலி பொய்யன்று, வலி மெய்யே. ஆனால் வலியைத் தந்தது பெரும்பாலும் மருந்தன்று; மருந்தைப் பற்றிய அச்சம். 2022-இல் பல பெரிய ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முதல் ஆண்டில் ஆயிரம் பேருள் ஏறத்தாழ 11 பேருக்கே மருந்தால் கூடுதலாகத் தசைத்துன்பம் நேர்ந்ததாகத் தெரிந்தது.

அந்தப் பதினொருவரை மறந்துவிடச் சொல்லவில்லை. அவர்களுக்கும் வழியுண்டு: அளவைக் குறைத்தல், ஸ்டாட்டின் வகையை மாற்றுதல், உடன் உண்ணும் மருந்தைச் சீர்செய்தல், தைராய்டுக் குறை போன்ற மறைந்த காரணத்தைத் தேடுதல், ஸ்டாட்டின் அல்லாத வேறு கொழுப்பு மருந்துக்கு மாறுதல். இவை யாவும் மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை. மருந்தின் தீங்கிலிருந்து தசையைக் காக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட மூலிகை இன்றுவரை ஒன்றுமில்லை. தேடக்கூடாது என்பதன்று இதன் பொருள். ஆறாயிரம் பூசணங்களைத் தேடியவர் அரிசிக் கடைப் பூசணத்தில் வெற்றி கண்டாரன்றோ? நாளை ஒருவர் மூலிகையிலும் காணலாம். ஆனால் அவரும் எண்டோவைப் போல அளந்து, சோதித்து, பிறர் பார்க்க எழுதிவைக்க வேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

மலேசியாவில் உயிர்பறிக்கும் நோய்களுள் இதய நோய் முன்வரிசையில் நிற்கிறது. நம்மினத்தாரிடையே அது இளவயதிலேயே வந்து வாயிற்கதவைத் தட்டுகிறது. இந்நிலையில், மாரடைப்பு ஒருமுறை வந்து பிழைத்தவர், எவரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டுக் குளிகைக்கு மாறுவது உயிரோடு விளையாடுவதாகும். ஊரில் படித்தவர் என்று மக்கள் நம்மிடந்தான் ஐயம் கேட்கிறார்கள். எனவே ஆசிரியர்க்கு இதில் ஒரு கடமையுண்டு.

கேட்பவரை நகையாடி அனுப்புவதால் பயனில்லை. "மூலிகை மூடநம்பிக்கை" என்று சொன்னால் அவர் நம்மிடம் மறைத்து உண்பார், மருத்துவரிடமும் மறைப்பார். மறைப்பதில்தான் பேராபத்து. உண்ணும் மாத்திரை, கஷாயம், குளிகை, சூரணம் அனைத்தையும் ஒரு பையிலிட்டு மருத்துவர் முன்போ மருந்தாளர் முன்போ வைக்கச் சொல்லலாம். தசைவலி கடுமையாகி, சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் கறுத்தால், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொல்லலாம். இவ்விரண்டு சொற்கள் எந்த மூலிகையையும்விட அதிகமான தசைகளைக் காக்கும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்கிறார். மருந்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். உடனிருந்து உதவுபவரின் இடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஊரில் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. தமிழாசிரியர் அவ்விடத்தில் அமர்வாராக.